வண்டில்கடை போட ஆரிட்ட கேக்கவேணும்? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களிலயும் வட்ஸ்அப்பில அனுப்பின குரல்பதிவுகளிலயும் கனக்க ஒரே விசயம்தான், தள்ளுவண்டில்லயும் ஓட்டோவிலயும் பட்டா லொறியிலயும் சாப்பாடு விக்கிறது. கடை எடுக்க அட்வான்ஸ் குடுக்க வழியில்லாத ஆக்களுக்கு வன்னியில வண்டில்தான் கடை, அதை வைச்சுத்தான் எத்தினையோ குடும்பம் திரும்ப எழும்பினது. அதால மற்றக் கேள்வியளை அடுத்த இதழுக்கு விட்டிட்டு இந்த முறை முழுக்க இதையே எடுக்கிறன்.

வணக்கம் அக்கா. எனக்கு ரெண்டு பிள்ளையள், அவர் இல்லை. பரந்தன் – முல்லைத்தீவு ரோட்டில ஒரு வண்டில் போட்டு ரோல்ஸ், வடை, தேத்தண்ணி விக்கலாம் எண்டு இருக்கிறன். ஜி.எஸ்ஸிட்ட (கிராம சேவகரிட்ட) கடிதம் எடுத்தாக் காணும் எண்டு ஒராள் சொல்லுறார், பொலிசில சொல்லோணும் எண்டு இன்னொராள், சபைக்குப் போகச் சொல்லி மாமி சொல்லுறா. எங்க துவங்கிறது? – வாசகி, தருமபுரம்

தங்கச்சி, மாமி சொன்னதுதான் சரி. மூண்டு இடத்து அலுவலை ஆக்கள் ஒண்டாப் போட்டுக் குழப்புறதாலதான் உங்களுக்குத் தலை சுத்துது. வியாபாரம் செய்ய லைசன்ஸ் தாறது பிரதேச சபை. சாப்பாடு சுத்தமோ எண்டு பாக்கிறது எம்.ஓ.எச் ஒஃபிஸ், அதாவது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, அங்கயிருந்து வாற பொதுச் சுகாதாரப் பரிசோதகர்தான் பி.எச்.ஐ. வண்டில் நிக்கப்போற நிலம் ஆற்றயோ, அவையிட்ட அந்த இடத்துக்குத் தனியா அனுமதி கேக்கவேணும். ஜி.எஸ் தாறது நீங்கள் இன்ன ஊர் ஆள் எண்டு உறுதிப்படுத்திற கடிதம் மட்டுந்தான், அது விண்ணப்பத்தோட வைக்க உதவும், ஆனா அதைக் காட்டி வியாபாரம் செய்ய ஏலாது. பொலிஸ் வியாபார லைசன்ஸ் குடுக்கிறேல்ல.

இப்ப எந்தச் சபை எண்டு பாப்பம். தருமபுரம் கண்டாவளைப் பிரதேச செயலகத்துக்குள்ள வருது, ஆனா கண்டாவளைக்கெண்டு தனிச் சபை இல்லை, கரைச்சி பிரதேச சபைதான் அதையும் பாக்குது. இதை ஏன் சொல்லுறன் எண்டால் அதே ரோட்டில கொஞ்சம் கிழக்கால போய் விசுவமடுச் சந்தியில வண்டிலை விட்டியள் எண்டால் மாவட்டமே மாறீட்டுது, அது முல்லைத்தீவு, புதுக்குடியிருப்பு பிரதேச சபை. கரைச்சியில எடுத்த லைசன்ஸ் அங்க செல்லாது. ஆகவே எந்தச் சந்தியில நிக்கப்போறியள் எண்டதை முதல் முடிவெடுங்கோ, பிறகு அந்தச் சபைக்குப் போங்கோ.

சபை லைசன்ஸ் தாறது 1987ஆம் ஆண்டு 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்துக்கும் அதுக்குக் கீழ சபை செய்த உபவிதியளுக்கும் (சபையின்ர சொந்த விதியளுக்கும்) அமைய. லைசன்ஸ் அந்தந்த வருசத்துக்குத்தான், தை மாசம் எடுத்தாலும் ஆவணியில எடுத்தாலும் டிசம்பர் 31ஓட முடிஞ்சிடும், அதால வருசக் கடைசியில ஓடிப்போய் முழுக்காசும் கட்டாதேங்கோ, ரெண்டு கிழமை பொறுத்துத் தையில எடுக்கலாமோ எண்டு கேட்டுப் பாருங்கோ. சபைச் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கோ: பேர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், என்ன விக்கப்போறியள், எந்த இடம், எத்தினை மணியில இருந்து எத்தினை மணி வரைக்கும். ரெண்டு பிரதி கொண்டுபோய் ஒண்டைக் குடுத்திட்டு மற்றதில திகதி சீல் அடிச்சு வாங்குங்கோ. இந்தச் சீல் முக்கியம் தங்கச்சி. வாயால கேட்டிட்டு வந்தால் அடுத்த முறை வேற கிளார்க் இருப்பா, உங்களைத் தெரியாது எண்டுவா, திரும்பவும் முதல்ல இருந்து துவங்கவேண்டி வரும்.

சாப்பாட்டு வியாபாரம் எண்டபடியா பி.எச்.ஐ பாத்துச் சரி எண்டு சொல்லவேணும். அதுக்கு முதலே எம்.ஓ.எச் ஒஃபிஸில உங்கட மருத்துவச் சான்றிதழ் பற்றிக் கேளுங்கோ, நெருப்புக்காய்ச்சல் தடுப்பூசி போடச் சொல்லுவினம், அது மூண்டு வருசத்துக்கு ஒருக்காப் போடுற ஊசி. உங்களோட நிண்டு உதவி செய்யப்போற தங்கச்சியோ மகளோ இருந்தால் அவைக்கும் சேத்துப் போடுங்கோ.

வியாபாரத்துக்குப் பேர் பதியிறது பற்றியும் சொல்லிவிடுறன். உங்கட சொந்தப் பேரிலயே விக்கிறதெண்டால் அது தேவைப்படாது, "அம்மன் ரோல்ஸ்" எண்டு ஒரு பேர் வைச்சால் பிரதேச செயலகத்தில வியாபாரப் பெயர் பதியவேணும். பதிஞ்சு வைச்சால் பிறகு வங்கியில கணக்குத் திறக்கவும் கடன் கேக்கவும் அந்தப் பத்திரம் உதவும்.

இன்னொண்டு, இதைக் கட்டாயம் கேளுங்கோ. இடம் உறுதியாகாமல் வண்டில் செய்யக் காசு எடுக்காதேங்கோ, அதுவும் கிழமைக்குக் கிழமை வந்து வாசல்ல நிக்கிற நுண்கடன்காரரிட்ட வேண்டவே வேண்டாம். வண்டில் வீட்டு முத்தத்தில நிக்கும், கட்டுக்காசு நிக்காது.

அக்கா, என்னட்ட சபை லைசன்ஸ் இருக்கு, காசும் கட்டினான். ஆனாலும் ஏ9 ரோட்டில நிக்கேக்க எழும்பு எண்டு சொல்லிப்போட்டினம், ரெண்டு கதிரையும் ஏத்திக்கொண்டு போட்டினம். லைசன்ஸ் இருந்தும் எப்பிடி எழுப்பலாம்? – வாசகர், கிளிநொச்சி

தம்பி, கதிரையைப் பறிகுடுத்த கோவம் விளங்குது. ஆனா உங்கட லைசன்ஸ் சொல்லுறது நீங்கள் அந்த வியாபாரத்தைச் செய்யலாம் எண்டு மட்டுந்தான். அந்த இடத்தில நிக்கலாம் எண்டு அதில எழுதியிருக்கோ எண்டு எடுத்துப் பாருங்கோ. ஏ9, ஏ35 (பரந்தன் – முல்லைத்தீவு ரோட்டு) மாதிரி ஏ இலக்கம் போட்ட ரோட்டுகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குச் சொந்தம், 2008ஆம் ஆண்டு 40ஆம் இலக்கத் தேசிய பெருந்தெருக்கள் சட்டம் அதுக்கு இருக்கு. தார் போட்ட அகலம் மட்டுந்தான் ரோட்டு எண்டு நினைக்கக் கூடாது, ரெண்டு பக்கத்து மண் ஓரமும் வாய்க்காலும் ரோட்டுக்கெண்டு ஒதுக்கின காணிதான். உள் ரோட்டுகளில சிலது மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தின்ர, மிச்சம் சபையின்ர. சபை தன்ர ரோட்டில இடம் தரலாம், ஏ9 ஓரத்தைத் தான் தனியத் தர ஏலாது. அதால அதிகார சபையின்ர நிறைவேற்றுப் பொறியியலாளர் அலுவலகத்துக்கு ஒரு கடிதமும், அதின்ர பிரதி சபைக்கும் குடுங்கோ.

அவையள் என்னத்தை யோசிப்பினம் எண்டும் தெரிஞ்சுகொள்ளுங்கோ. சந்தி வளைவு, மஞ்சள் கடவை, பஸ் நிப்பாட்டிற இடம், மதகு மேல, இந்த இடங்களில கேட்டால் ஓமெண்டு சொல்லமாட்டினம், சொல்லவும் கூடாது. ஏ9இல கொழும்பு பஸ் என்ன வேகத்தில வருது எண்டு உங்களுக்கே தெரியும், உங்களிட்டச் சாமான் வாங்க வாற ஆள் சைக்கிளைத் தார் ஓரத்தில விட்டிட்டு ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிப்பார். சக்கரம் வைச்ச வண்டிலாயும் இருக்கவேணும், பின்னேரம் முடிய இழுத்துக்கொண்டு போகவும் வேணும், நாலு தடி நட்டு தகரம் அடிச்சீங்கள் எண்டால் அது கட்டடம், அனுமதியில்லாக் கட்டடம் எண்டு வேற பிரச்சினை துவங்கும்.

சாமான் ஏத்தினது பற்றி: என்னென்ன ஏத்தினவை எண்டு எழுதி, ஆற்ற கட்டளையில எடுத்தது, எங்க வைச்சிருக்கு எண்டு கேட்டுச் சபைச் செயலாளருக்கு இண்டைக்கே ஒரு கடிதம் குடுங்கோ. இனி எப்பவாவது எழுப்ப வந்தால் சண்டை வேண்டாம், வந்தவரின்ர பதவியைக் கேளுங்கோ, எழுத்தில தாங்கோ எண்டு கேளுங்கோ.

எனக்கும் சபையளிட்டச் சொல்ல ஒண்டு இருக்கு. எழுப்புறது எண்டால் வேற இடம் காட்டவேணும். அந்த இடமும் பஜாருக்குப் பின்னால, ஒரு மனுசர் போகாத வெளியாய் இருக்கக் கூடாது. சனம் நடக்கிற பாதையோரமா ஒரு துண்டு நிலம், ஒரு தண்ணிப் பைப், ஒரு லைற், ஒரு குப்பைத்தொட்டி, இவ்வளவும் செய்து குடுத்தால் ரோட்டோரத்தில நிக்கச் சொன்னாலும் ஆக்கள் நிக்கமாட்டினம். 2023 மார்ச்சில சபையளின்ர காலம் முடிஞ்சு ரெண்டு வருசத்துக்கு மேல உறுப்பினர் இல்லாமல் கிடந்தது, 2025 மே 6 தேர்தலுக்குப் பிறகு இப்ப தவிசாளரும் இருக்கிறார், உங்கட வட்டாரத்துக்கு உறுப்பினரும் இருக்கிறார். வண்டில்காரர் பத்துப்பேர் கையெழுத்து வைச்சு அவரிட்டக் குடுங்கோ, சபைக் கூட்டத்தில எடுக்கச் சொல்லுங்கோ.

பி.எச்.ஐ வந்து வடைத் தட்டைப் பாத்திட்டு இதை விக்கேலாது எண்டு கொட்டச் சொல்லிப்போட்டார். அவை வந்தால் என்னத்தைப் பாப்பினம்? – வாசகி, முல்லைத்தீவு

உங்களுக்குக் கோவம் வந்தால் வரட்டும், இதில நான் பி.எச்.ஐ பக்கந்தான் நிப்பன். 1980ஆம் ஆண்டு 26ஆம் இலக்க உணவுச் சட்டம் அவைக்கு வண்டிலைச் சோதிக்கவும், மாதிரி எடுக்கவும், கூடாத சாமானைக் கைப்பற்றவும், நீதவான் கோட்டில வழக்குப் போடவும் அதிகாரம் குடுத்திருக்கு. அதைக் கடைக்கு மட்டுமெண்டு நினைக்கவேண்டாம், வண்டிலுக்கும் ஓட்டோவுக்கும் தலையில சுமக்கிற கடகத்துக்கும் அது பொருந்தும்.

முதல் பாக்கிறது மூடியிருக்கோ எண்டு. கச்சான் காத்து அடிக்கிற நாளில வன்னி ரோட்டோரத்தில ஒரு வெள்ளைத்துணியை அரை மணித்தியாலம் விரிச்சுப் பாருங்கோ, செம்மண் படிஞ்சு எப்பிடி இருக்கு எண்டு தெரியும், அவ்வளவும் உங்கட வடையிலயும் படியுது. கண்ணாடிப் பெட்டி வேணும், கதவு வாங்கிற ஆளின்ர பக்கம் இல்லாமல் உங்கட பக்கம் இருக்கவேணும். சாமான் எடுக்க இடுக்கி, காசு வாங்க மற்றக் கை. இதில கனபேர் பிழைக்கிறது இங்கதான், இடுக்கி பெட்டிக்குள்ள கிடக்கும், கை நோட்டைத் தொட்டிட்டு அப்பிடியே ரோல்ஸைத் தொடும்.

பிறகு தண்ணி. வாளிக்குள்ள கோப்பையை முக்கி எடுக்கிறது கழுவுறது இல்லை, பத்தாவது ஆளுக்கு முதல் ஒம்பது பேரின்ர எச்சிலும் போகும். அடியில பைப் வைச்ச கான் ஒண்டு, சவர்க்காரம், ஊத்தைத் தண்ணி விழ ஒரு மூடி போட்ட வாளி, இவ்வளவும் வண்டில்லயே பூட்டலாம். குடிக்கத் தாற தண்ணி கிணத்துத் தண்ணி எண்டால் கொதிக்க வைச்சது, இல்லாட்டி ஆர்.ஓ. தண்ணி. சர்பத் விக்கிறவை கவனம், மீன்பெட்டிக்குப் போடுற ஐஸ் குடிக்கிற ஐஸ் இல்லை.

எண்ணெய் கறுத்து, நுரைச்சு, சட்டி போட்ட உடனயே புகைக்குது எண்டால் அது முடிஞ்ச எண்ணெய், புது எண்ணெயை அதோட கலந்து சரிக்கட்ட ஏலாது. வடையை அச்சடிச்ச பேப்பரில சுத்திக் குடுக்காதேங்கோ, சூட்டுக்கு மை உரியும்.

இதெல்லாத்தையும் விட எனக்குப் பயம் சோத்துப் பார்சலும் ஃபிரைட்ரைஸும்தான். சோறு அவிஞ்சாலும் சாகாத ஒரு வகைக் கிருமி இருக்கு, சோறு ஆறி வெக்கையில கிடக்கேக்க அது பெருகி நஞ்சு வைக்கும், பிறகு எவ்வளவு வறுத்தாலும் அந்த நஞ்சு போகாது. ஆகவே மத்தியானச் சோத்தைப் பின்னேரம் கொத்திப் போடுற பழக்கத்தை விடுங்கோ. சூடா விக்கிறது 60 பாகைக்கு மேல, கையால தொட ஏலாத சூட்டில இருக்கவேணும், குளிரா விக்கிறது 5 பாகைக்குக் கீழ. இடையில கிடந்தால் ரெண்டு மணித்தியாலம், அதுக்கு மேல வைக்காதேங்கோ.

அதேநேரம், கொட்டச் சொன்னால் என்ன காரணம் எண்டு கேக்க உங்களுக்கும் உரிமை இருக்கு. என்னத்தைத் திருத்தினால் திரும்ப விக்கலாம் எண்டு எழுதி வாங்குங்கோ, திருத்தின பிறகு நீங்களே போய் வந்து பாருங்கோ எண்டு கூப்பிடுங்கோ.

எங்கட ஊர் சந்தைக்கு வெளி மாவட்டத்தில இருந்து பட்டாவில வந்து மலிவா வித்திட்டுப் போகினம், நாங்கள் வரி கட்டுறம். நிப்பாட்ட ஏலாதா? – வாசகர், மல்லாவி

வெளியூர் எண்டதுக்காக நிப்பாட்ட ஏலாது தம்பி. அரசியலமைப்பின்ர 14ஆம் உறுப்புரை சட்டத்துக்குட்பட்ட எந்தத் தொழிலையும் செய்யிற சுதந்திரத்தை எல்லாருக்கும் குடுத்திருக்கு, நாளைக்கு நீங்களும் பாலைப்பழத்தைக் கொண்டுபோய் யாழ்ப்பாணத்தில விப்பீங்கள்தானே. ஆனா துணுக்காய் பிரதேச சபைக்குள்ள விக்கிறதெண்டால் அந்தச் சபையின்ர விதி அவைக்கும் உங்களுக்கும் ஒண்டுதான், லைசன்ஸோ நாள் கட்டணமோ உபவிதியில என்ன இருக்கோ அதை அவையும் கட்டவேணும், பி.எச்.ஐ அவையின்ர வண்டியையும் பாக்கவேணும். அதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கோ.

பழைய ஓட்டோவைப் பின்பக்கம் வெட்டி அடுப்பு வைச்சு மொபைல் கடையா மாத்தலாமா? – வாசகர், வவுனியா

வெட்ட முதல் கச்சேரியில (மாவட்டச் செயலகத்தில) இருக்கிற மோட்டார் போக்குவரத்துப் பிரிவுக்குப் போங்கோ. வாகனத்தின்ர உருவத்தை மாத்தினால் அது பதிவுப் புத்தகத்தில வரவேணும், இல்லாட்டி ரோட்டில பொலிஸ் பிடிக்கும், அதைவிடப் பெரிய விசயம் ஒரு அக்சிடெண்ட் எண்டு வந்தால் இன்சூரன்ஸ்காரர் கையை விரிச்சுப்போடுவினம். பாண் கொண்டுபோற ஓட்டோ மாதிரிப் பெட்டி பூட்டுறது ஒண்டு, உள்ளுக்குள்ள நெருப்பு எரிக்கிறது வேற ஒண்டு. காஸ் சிலிண்டர் நிமிர்ந்து நிக்கவேணும், பெல்ட் போட்டு இறுக்கவேணும், ஓடேக்க வால்வ் மூடியிருக்கவேணும், பெற்றோல் டாங்கிக்குப் பக்கத்தில அடுப்பு வரவே கூடாது. 2021 கடைசியில நாடு முழுக்க வீடுகளில காஸ் வெடிச்சது மறந்திருக்கமாட்டியள். ஒவ்வொரு நாளும் துவங்க முதல் சவர்க்காரத் தண்ணியைக் குழாயிலயும் ரெகுலேற்றரிலயும் தடவிப் பாருங்கோ, குமிழி வந்தால் கசியுது. லைசன்ஸுக்கு நீங்கள் நகர எல்லைக்குள்ள நிக்கப்போறியள் எண்டால் மாநகர சபை, வெளியில எண்டால் வவுனியா தெற்கு, வடக்கு, செட்டிகுளம் எண்டு சபை மாறும், அலையிற வண்டி எண்டபடியா எல்லாத்தையும் கேட்டு வைக்கிறது நல்லது.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு ஒரு கச்சான் கடை போட விருப்பம். – வாசகி, முள்ளியவளை

வைகாசிப் பொங்கலுக்குக் கிட்டவாப் போய்க் கேட்டால் இடம் முடிஞ்சிருக்கும், சித்திரை பிறந்த உடன கரைதுறைப்பற்று பிரதேச சபையில தற்காலிகக் கடை இடங்கள் எப்ப குடுக்கிறது எண்டு விசாரியுங்கோ. கோயில் காணிக்குள்ள எண்டால் கோயில் நிர்வாகத்தையும் கேக்கவேணும். கட்டின காசுக்கு ரசீது, இட இலக்கம் ரெண்டையும் வண்டில்லயே வைச்சிருங்கோ. வருசத்துக்கு எடுத்த லைசன்ஸ் இருக்கு எண்டு சொல்லித் திருவிழாவில இடம் கேக்க ஏலாது, அது வேற இது வேற.

முறிகண்டியில கச்சான் பக்கெற் போட்டு விக்கிறம். தராசுக்கும் சீல் அடிக்கோணும் எண்டு சொல்லுறது உண்மையா? – வாசகர், முறிகண்டி

உண்மை. நிறுத்து விக்கிற தராசும் படியும் அளவீட்டு அலகுகள் திணைக்களத்தின்ர முத்திரையோட இருக்கவேணும், வருசாவருசம் முத்திரை குத்துற நாளைப் பிரதேச செயலகத்தில விசாரிச்சு அறியலாம். சுண்டால அளந்து கண்ணுக்கு முன்னால கொட்டிக் குடுக்கிறது ஒரு பக்கம், முன்கூட்டியே கட்டி ஒட்டின பக்கெற் வேற. பக்கெற்றில என்ன சாமான், நிறை எவ்வளவு, விலை, செய்த திகதி, முடியிற திகதி, செய்த ஆளின்ர பேர் விலாசம் இருக்கவேணும். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சிட்டு பஸ் ஏறுற சனம் அந்தப் பக்கெற்றை யாழ்ப்பாணத்திலயோ கொழும்பிலயோ போய்த்தான் பிரிக்கும், பூஞ்சணம் பிடிச்சிருந்தால் திரும்பி வந்து கேக்கமாட்டுது, இனி வாங்காது, அவ்வளவுதான்.

இடியப்பம் அவிச்சு வண்டில்ல விக்கிறன். பிளாஸ்டிக் தட்டுக் கூடாது எண்டு சொல்லுறது உண்மையா? – வாசகி, பூநகரி

ஓம். 2023 ஒக்டோபர் 1இல இருந்து பிளாஸ்டிக் இடியப்பத் தட்டு, ஒருக்காப் பாவிச்சு எறியிற கோப்பை, பிளேட், கரண்டி, ஸ்ட்ரோ எல்லாம் தடை. லஞ்ச் ஷீற்றும் ரெஜிஃபோம் பெட்டியும் 2017 செப்டெம்பர் 1இலயே தடை வந்தது. பிரம்புத் தட்டுக்கு மாறுங்கோ, பூநகரியில வாழையிலைக்கும் பஞ்சமில்லை.

ஒவ்வொரு நாளும் ஒராள் வந்து சபைக் காசு எண்டு சொல்லி வாங்குறார், துண்டு (ரசீது) தாறேல்ல, ஒருநாள் 50, ஒருநாள் 100. கேட்டால் நாளைக்கு நிக்கமாட்டாய் எண்டு சொல்லுறார். – வாசகர், ஊர் போடவேண்டாம்

ஊர் போடேல்ல தம்பி. சபை சந்தைக் கட்டணம் அறவிடுறதைக் குத்தகைக்குக் குடுத்திருக்கலாம், அது சட்டத்துக்கு மாறில்லை. ஆனா எவ்வளவு வாங்கலாம் எண்டது சபை தீர்மானிச்ச தொகை, குத்தகைக்காரர் நினைச்ச தொகை இல்லை, வாங்குற ஒவ்வொரு தரமும் துண்டு தரவேணும். துண்டில்லாமல் குடுத்த காசு சபைக்குப் போச்சுது எண்டதுக்கு உங்களிட்ட ஒரு அத்தாட்சியும் இல்லை, நாளைக்கு அதே சபை வந்து நீ காசு கட்டேல்ல எண்டு எழுப்பினாலும் நீங்கள் பேச ஏலாது.

அவரோட நேரடியா முட்டாதேங்கோ, முதல்ல கணக்கைக் கையில எடுங்கோ. 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில உங்கட சபையின்ர தகவல் அலுவலருக்கு ஒரு விண்ணப்பம் போடுங்கோ, இந்த மூண்டையும் கேளுங்கோ: நடமாடும் வியாபாரத்துக்கான உபவிதியின்ர பிரதி, இந்த வருசம் வண்டில் ஒண்டுக்கு நாளுக்கு எவ்வளவு கட்டணம் தீர்மானிச்சது, அறவிடுற குத்தகை ஆருக்கு என்ன நிபந்தனையில குடுத்தது. ஏன் கேக்கிறாய் எண்டு அவை கேக்க ஏலாது, காரணம் சொல்லத் தேவையில்லை எண்டு சட்டத்திலயே இருக்கு. 14 வேலை நாளுக்குள்ள தாறமோ இல்லையோ எண்டு முடிவு சொல்லவேணும், சொல்லாட்டி மேன்முறையீடு செய்யலாம். ஒரு ஆளாப் போடப் பயமாயிருந்தால் அந்த வரிசையில நிக்கிற எல்லாரும் தனித்தனிய ஒவ்வொண்டு போடுங்கோ. தமிழில எழுதலாம், தமிழிலயே பதில் கேக்கலாம். எழுத ஏலாத ஆள் எண்டால் போய் வாயால சொன்னாலும் காணும், அதை எழுதி எடுக்கிறது தகவல் அலுவலரின்ர கடமை.